பள்ளத்துல வீடு

இந்த எரிமலையோட உச்சி எங்கன்னு கேக்குறீங்களே சார், இருந்தாத்தானே காட்டுறதுக்கு? அது வெடிச்சுப்போயி எந்தக் காலமோ ஆச்சு. நாம உக்காந்து டீ குடிக்கிறோமே, இதே மலையோட வாய்க்குள்ளதான். சுத்தி நிக்கிறதெல்லாம் உதடு. ஜகார்த்தாக்காரங்க அத்தன பேரும் மலைக்குள்ள வந்து நின்னுக்கிட்டு, மலை எங்கன்னுதான் தேடுறீங்க.

தூங்குதா? யாரு, எங்க அண்ணன் கர்சோ சொன்னானா? தூங்குறவன் மூச்சு விடமாட்டானா? நெலத்த வித்த வாயி வேற என்ன சொல்லும்!

நீங்க வாங்குன பள்ளம் பச்சைப்பசேல்னுதான் இருக்கும். இருக்காதா பின்ன? ஒருத்தனும் அங்க ஆடு மேய்க்கிறதில்ல. செங்குத்துச் சரிவுல நின்னு உருளைக்கெழங்கு நடுற பயலுவ, சமமா கெடக்குற எடத்த ஏன்டா சும்மா விட்டானுவன்னு கேக்கத் தோணலையே உங்களுக்கு! அவன் போட்ட சோயா டெம்பே பொரியல நல்லாத் தின்னுட்டு, தலையாட்டிட்டு வந்திருக்கீங்க.

காத்தே அடிக்காதுன்னானா? அது மட்டும் நெசம். அதான் வெனையே. மண்ணுல கசியுற வாயு காத்தவிடக் கனம். வாடையும் கெடையாது. மழத்தண்ணி மாதிரி பள்ளத்துல போய்த் தேங்கிக்கும். அதுக்குள்ள நெருப்பு நிக்காது, ஆளும் நிக்கமாட்டான். காத்து ஓஞ்ச காலையில போய்ப் பாருங்க, குருவிங்க செத்துக் கெடக்கும்.

அஸ்திவாரம் ஏற்கனவே இருக்கு, செலவு மிச்சம்னு பல்லக் காட்டுனானா? த்தூ! நெலம் அவன் பேர்ல இருக்கலாம். கல்லு என்னோடது.

ஆமா, நான்தான் வீடு கட்டுனேன். பொனியெம்மக் கல்யாணம் பண்ணிக்கிட்டு வந்த வருஷம். எனக்கும் அப்ப உங்க புத்திதான் சார், வேறென்ன.

ஒரு நாள் காலையில அடுப்பு பத்தவே இல்ல. எங்க பக்கம் அடுப்பு தரையோட தரையாத்தான் இருக்கும். பொனியெம் குனிஞ்சு உக்காந்து ஊதுறா, ஊதுறா, பொசுக்குனு அணையுது. குளிருக்குக் கதவு சன்னலெல்லாம் வேற சாத்திக் கெடக்கு. எனக்குத் தல கிறுகிறுன்னு வருது, பசின்னு நெனச்சேன். ஈர வெறகக் கொண்டாந்து போட்டிருக்கியே, நீயெல்லாம் ஒரு மனுசனான்னு கத்துனா. மேட்டுக்குப் போயி காஞ்சதாப் பாத்துக் கொண்டான்னு வெரட்டிவிட்டா. நானும் அவளத் திட்டிக்கிட்டேதான் ஏறுனேன்.

ஒரு கட்டு தூக்கிக்கிட்டு வந்து பாக்குறேன், ஊதுகொழல் கையிலயே இருக்கு, அடுப்புமேல சாஞ்சிருக்கா.

அடுப்புல கெடந்த வெறகு ஈரமெல்லாம் இல்ல சார். நல்லாக் காஞ்சுதான் இருந்துச்சு.