கடைசிப் பதினாறு பக்கம்

இல்லக்கா, கார்ட நானா கேன்சல் பண்ண முடியாது. ஓனர் நாறும்பூநாதன் அண்ணாச்சி வந்துதான் கையெழுத்துப் போடணும். சாப்பிடப் போயிருக்காக, இப்ப வந்துருவாக. இருங்க, இந்த ஸ்டூல ஃபேனுக்குக் கீழ இழுத்துப் போடுதேன். என் பேரு நித்யா. மூணு வருஷமா இந்த லைப்ரரில நான்தான் புத்தகம் எடுத்துக் குடுக்கேன். பூதலிங்கம் சார் கார்டுன்னதும் தெரிஞ்சிட்டு, நீங்க அவுக மகதான்னு. மூக்கு அப்படியே இருக்கு.

சாருக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே?

ஞாபகம் தப்புதா? யாரு சொன்னா? டாக்டர்ட்ட வேற கூட்டிட்டுப் போனீங்களா? என்ன கேட்டாக? தேதி, கெழம, பிரதம மந்திரி பேரு... எல்லாத்துக்கும் சரியாத்தான சொன்னாக? பெறவு என்னக்கா?

ஓ. அந்தக் கத விசயத்தையும் டாக்டர்ட்ட சொல்லிட்டீங்களா.

தண்ணி குடிக்கீங்களா? வேண்டாமா. சரி.

இல்ல, அந்தக் கதையால இங்கன ஊரே ரெண்டாக் கெடக்குக்கா. நீங்க வாசிச்சதில்லையா, சுடர்மாலைத் தீவு, மூணு பாகம்? அந்தக் காலத்துல ஒரு வாரப் பத்திரிகைல தொடரா வந்ததாம். பத்திரிகையும் நின்னு போச்சு, எழுதினவரும் இப்ப இல்ல. யாரோ வாராவாரம் கிழிச்சு பைண்டு பண்ணி வச்சிருந்தத அண்ணாச்சி பழைய பேப்பர் கடைல பாத்து எடுத்துட்டு வந்தாக. கடலுக்கு நடுவுல ஒரு தீவு மெதக்கும். அதுல ஒரு வெளக்கு. அது எரியுத வரைக்குந்தான் தீவு மெதக்கும். கயற்கொடின்னு ஒரு பிள்ள, அவ வீட்டு ஆளுகதான் தலைமுறை தலைமுறையா அதுக்கு எண்ண ஊத்தணும். ஒரு எட்டு வெளிய போக முடியாது. மூணு பாகமும் அவ போவாளா மாட்டாளாங்கறதுதான்.

கடைசில என்ன பண்ணுவான்னா, எண்ணச் செம்ப அந்தத் தீவு ராசா கைல திணிச்சிட்டு, இனி நீங்க ஊத்துங்கன்னு தோணில ஏறிருவா.

காயல்பட்டினத்துல இருந்து ஒரு அக்கா வருவாக. மாப்பிள துபாய்ல இருக்காக. அந்தச் செம்பக் குடுக்குத எடத்த மட்டும் ஏழு தடவ வாசிச்சேன்னு சொன்னாக. பேங்குல வேல பாக்குத குமரகுருபரன் சார் இருக்காகள்ல, அவுக புத்தகத்தக் கவுண்டர்ல பொத்துன்னு போட்டாக. ஊரு முங்கினாலும் பரவால்லன்னு போறாளே, இவளும் ஒரு பிள்ளையா, இதப் படிச்சா நம்ம வீட்டுப் பிள்ளைக என்னத்துக்கு ஆகும்னு ஒரே ஏச்சு. நான் இந்த அலமாரிக்குப் பின்னால நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே இருப்பேன். யாரும் என்ட்ட கேக்க மாட்டாக. கேட்டாலும் எனக்குப் பேச வராது. இன்னைக்குத்தான் இப்படிப் பேசுதேன்.

இந்தா, இதான் மூணாம் பாகம். கருத்துச் சொல்லுங்கன்னு பின்னால வெள்ளத்தாள் ஒட்டியிருக்கோம், பாருங்க. நல்ல முடிவு. மோசம். அருமை. இது யாரு, ராசாவுக்கு எண்ண ஊத்தத் தெரியுமா வேன்னு கேட்டிருக்கான். பொம்பளைக பூராவும் நல்ல முடிவுன்னு நெனச்சிராதீங்க, ஒரு டீச்சர் ரெண்டு பக்கத்துக்குத் திட்டியிருக்காக.

இது சாரோட கையெழுத்து. இது முடிவே அல்ல, நான் வாசித்தது வேறு. எவ்வளவு அழகா எழுதியிருக்காக பாருங்க. அதுக்குக் கீழ எவனோ, சாருக்கு வயசாயிட்டுன்னு கிறுக்கியிருக்கான். நான் அத அழிச்சிருக்கணும். ரப்பர் இந்த டிராயர்லயேதான் கெடக்கு.

சார் சும்மா சொல்லலக்கா. தொடரா வந்தப்பவே வாசிச்சவுக. அவ வெளக்க அணைச்சிருவா, அணைச்சிட்டுன்னு ஆரம்பிப்பாக. அதுக்குள்ள குமரகுருபரன் சார், வெளக்க அணைச்சா தீவே முங்கிருமே வே, பெறவு கத ஏதுன்னு சிரிப்பாக. எல்லாரும் சிரிப்பாக. சார் வாயத் தொறந்தபடியே நிப்பாக. பெறவு பைய குடைய எடுத்துக்கிட்டு எறங்கிப் போயிருவாக.

போன மாசம் வந்தப்ப சட்டப் பை நெறய துண்டுச் சீட்டு. கேஸ் அடுப்ப மூடியாச்சுன்னு ஒண்ணு. பூட்டியாச்சு, ரெண்டு தடவ இழுத்துப் பாத்தாச்சு. பஸ் நம்பர். என்ன சார் இதுன்னு கேட்டேன். எம்மா நித்யா, கண்ணால வாசிச்சதே தப்பாத் தெரியுதுன்னா, மத்தத எப்படி நம்புததுன்னு கேட்டாக. நான் தேதி குத்துத ரப்பர் ஸ்டாம்ப எடுத்து, தேதிய மாத்தி மாத்திக் குத்திக்கிட்டே இருந்தேன்.

கார்ட நீங்களா கொண்டுவந்தீங்களா? அவுகளே குடுத்துவிட்டாகளா?

என்ன சொல்லிக் குடுத்தாக?

இனிமே எனக்கு இது தேவப்படாதுன்னா?

அக்கா, அந்தப் புத்தகத்தக் குடுங்க. கடைசிப் பதினாறு பக்கத்தப் பாருங்க. மத்ததெல்லாம் அச்சு, இது மட்டும் டைப் அடிச்சிருக்கா? ரெண்டு வருஷத்துக்கு முன்னால, தொண்ணூத்திரெண்டு வெள்ளத்துல இந்தச் சிந்துபூந்துறைக்குள்ள ஆத்துத் தண்ணி வந்துச்சுல்லா. வாங்கின புதுசு, யாரும் எடுத்துட்டுப் போகல, கீழ்த்தட்டுல இருந்த இந்தப் பாகம் நனஞ்சு, கடைசிப் பக்கமெல்லாம் கூழாப் போச்சு. நானே அப்ப பாதிதான் வாசிச்சிருந்தேன். ஏட்டி, யார்ட்டயாவது வேற பிரதி கெடச்சா பாத்து டைப் அடிச்சு வையின்னு அண்ணாச்சி சொன்னாக. ஒருத்தர்ட்ட இருந்துச்சு, பாத்து அடிச்சிட்டேன்னு சொல்லிட்டேன்.

யார்ட்டயும் இல்லக்கா. நானா எழுதினேன்.

எனக்கு அப்பத்தான் கோயம்புத்தூர்ல வேலைக்கு ஆர்டர் வந்திருந்துச்சு. வீட்ல விடல. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்ல ஒரு மணி நேரம் கெடைக்கும். ரெண்டு வாரம் அங்கன உக்காந்து அடிச்சேன். தமாசுக்குப் பண்ணல. பெறவு ஆளாளுக்கு அதுக்காகச் சண்ட போடவும், நான் எழுதினதுக்குப் போயி இத்தன பேரு சண்ட போடுதாகளேன்னு... சார் சொன்னது சரிதான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னைக்கே எல்லாம் முடிஞ்சிருக்கும். முடிஞ்சிருமேன்னுதான் சொல்லல.

ஏசுங்கக்கா. என்னைய இப்படிப் பாக்காதீங்க.

அண்ணாச்சி வரட்டும், அவுகட்டயும் சொல்லிருதேன். வேல போனாப் போகட்டும். சாயங்காலம் நானே வீட்டுக்கு வாறேன். அதுக்குள்ள நீங்க போனதும் சார்ட்ட சொல்லிருங்க, அவுகளுக்கு ஞாபகம் ஒண்ணும் தப்பலன்னு. அந்தச் சீட்டெல்லாம் எடுத்துப் போட்டுறச் சொல்லுங்க. கார்ட உள்ள வைங்க.

வெளக்க அணைச்சிட்டு கயற்கொடி என்ன பண்ணினான்னு இந்த ஊர்ல சாருக்கு மட்டுந்தான் தெரியும். ஒருத்தரும் அவுகள முழுசாச் சொல்ல விடல. நானும் விடல. கேக்கத்தான் வாறேன்னு சொல்லுங்க.