வண்டியில் வருபவர்களுக்கு மட்டும்

விடியற்காலை நாலு இருபது. கண்காட்சி மைதானத்துக்குப் போகும் ரோடு. நோய்க்காலம், ஊரடங்கு, ஈ காக்கை இல்லை. தெருவிளக்கு மூன்றுக்கு ஒன்றுதான் எரிகிறது... அந்த ரோட்டில் ஒரே ஒரு கார்.

ஓட்டியவர் என் அறைத்தோழனுடைய அக்கா புருஷன். அவன் அத்தான் அத்தான் என்று கூப்பிட்டு எனக்கும் அத்தானாகிவிட்டார். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். இரண்டு பக்கமும் பிரேக் வைத்த கார். யாராவது பேய்க்கதை ஆரம்பித்தால், "அதுக்கு லைசென்ஸ் இருக்கா?" என்று கேட்கிற ரகம். அப்படிப்பட்டவர் சொன்னதால்தான் நம்புகிறேன். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள்.

பக்கத்து சீட்டில் அக்கா. ஏழு மாதம். நாலு நாளாகக் காய்ச்சல். முந்தின ராத்திரியிலிருந்து மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. 'தண்ணி வேணும்' என்று சொல்வதற்குள் இரண்டு தடவை நிறுத்தினாள். ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். வாசலிலேயே தடுத்துவிட்டார்கள். "டெஸ்ட் சீட்டு இருந்தாத்தான் உள்ள விடுவோம். எங்க கையில ஒண்ணும் இல்லைங்க." அத்தான் கெஞ்சினார், கத்தினார், காலில்கூட விழுந்தார். ஒன்றும் நடக்கவில்லை.

சீட்டு கிடைக்கும் ஒரே இடம் அந்த மைதானம். நகராட்சி அவசர அவசரமாகக் கூடாரம் போட்டிருந்தது. காரை விட்டு இறங்க வேண்டாம். உட்கார்ந்த இடத்திலேயே சளி எடுத்துவிடுவார்கள், ஒரு மணி நேரத்தில் சீட்டு கைக்கு வந்துவிடும். ஒரு நாளைக்கு இருநூறு பேருக்குத்தான். இன்னொரு சட்டமும் இருந்தது. கேட்டில் பெரிதாக எழுதிக் கட்டியிருந்தார்கள்... 'வண்டியில் வருபவர்களுக்கு மட்டும்.' வண்டி இல்லாதவனுக்கு நோய் வராது என்று எந்தப் புத்திசாலி முடிவு செய்தானோ! நடந்து வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் ரோட்டோரம் நின்று, போகிற காருக்கெல்லாம் கை காட்டினார்கள். யார் ஏற்றுவார்கள்? எல்லோரும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பறந்தார்கள்.

அன்றைக்கு ஒருத்தர்தான் நின்றார். வயதானவர். மழை இல்லை, ஆனாலும் தலையில் துண்டு. கையில் எக்ஸ்ரே கவர். கையை ஆட்டக்கூட இல்லை, சும்மா தூக்கிப் பிடித்திருந்தார். அந்த இடத்தில் பள்ளம். அத்தான் வேகத்தைக் குறைத்தார். கண்ணும் கண்ணும் பார்த்துக்கொண்டன.

அக்கா சொன்னாள், "பாவங்க... ஏத்திக்கலாமே..."

"நீயே மூச்சு விட முடியாம இருக்க. பேசாம வா" என்று அத்தான் அழுத்தி மிதித்தார்.

அடுத்த திருப்பத்தில் அவருக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. இருபது வருடம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். பின்னால் ஆள் இருந்தால் வண்டி எப்படித் திரும்பும், இல்லாவிட்டால் எப்படித் திரும்பும் என்று அவர் இடுப்புக்குத் தெரியும். கண்ணாடியில் பார்த்தார். பின் சீட் காலி. காருக்குள் தைல வாசனை மட்டும்... லேசாக.

மைதானத்தில் ஏற்கெனவே நீண்ட வரிசை. ஆறு மணிக்குத்தான் கேட் திறந்தார்கள். தலை முதல் கால்வரை மூடிய உடுப்பில் ஒரு பையன் ஒவ்வொரு காராக வந்தான். நடந்தால் அந்த உடுப்பு சரக் சரக் என்று உரசியது. அவன் வேலை, மூடிய கண்ணாடி வழியாகத் தலையை எண்ணி, முன் கண்ணாடியில் மார்க்கரால் எழுதுவது. எத்தனை தலையோ அத்தனை குச்சி, அத்தனை குழாய், அடுத்த கூடாரத்தில் எடுத்து வைப்பார்கள்.

பையன் குனிந்து பார்த்தான். எண்ணினான். '3' என்று எழுதினான்.

அத்தான் கண்ணாடிக்கு உள்ளிருந்தே இரண்டு விரலைக் காட்டினார். பையன் திரும்பக் குனிந்தான். விரலால் குத்திக் குத்தி எண்ணினான்... அவர் ஒன்று, அக்கா இரண்டு... பின் சீட்டைக் காட்டி, மூன்று. பிறகு கையை விரித்தான். 'சண்டை போடறதா இருந்தா வரிசையை விட்டு வெளிய போய்ப் போடுங்க' என்பதுதான் அதற்கு அர்த்தம்.

அக்காவுடைய உதடு நீலம் பாய்ந்திருந்தது. வரிசையை விட்டு வெளியே போனால் மறுபடி கடைசியிலிருந்து நிற்க வேண்டும். அத்தான் விரலை மடக்கிக்கொண்டார். நீங்களாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பீர்கள்.

அடுத்த கூடாரம். சளி எடுக்கிற பெண். முகமே தெரியவில்லை, களைத்துப்போன குரல் மட்டும். முதலில் அத்தானுக்கு எடுத்தாள். அக்காவுக்கு எடுத்தாள். அக்கா இருமிய இருமலில் காரே ஆடியது. அப்புறம் அவள் பின் கதவுப் பக்கம் போய்க் கண்ணாடியைத் தட்டினாள்... டக், டக்.

"இறக்குங்க சார்."

பின் கண்ணாடியை இறக்கும் பட்டன் அத்தான் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அமுக்கினார்.

குச்சியை உள்ளே நீட்டினாள். "நல்லா வாயைத் திறங்க ஐயா... ஆங்... இன்னும் கொஞ்சம்... அவ்வளவுதான், முடிஞ்சுது." குச்சியைக் குழாயில் போட்டு ஒடித்தாள். பேனாவை எடுத்தாள். "பேர்? வயசு?" காதைச் சாய்த்துக் கேட்டாள். "கொஞ்சம் சத்தமா சொல்லுங்க." எழுதிக்கொண்டாள்.

அத்தான் திரும்பிப் பார்க்கவே இல்லை. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கடவுளே சீட்டு வந்தால் போதும், சீட்டு வந்தால் போதும் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தாராம். அக்கா எதையும் கவனிக்கும் நிலையில் இல்லை. கண் சொருகியிருந்தது.

ஒரு மணி நேரம் கழித்து சீட்டு வந்தது. ஒரு காருக்கு ஒரு சீட்டு, ஒரு நம்பர். அத்தானுக்கு நோய் இல்லை. அக்காவுக்கு இருக்கிறது. மூன்றாவதாக ஒரு பெயர்... வயது அறுபத்தெட்டு... அவருக்கும் இருக்கிறது. அந்தப் பெயரை அத்தான் அதற்குமுன் கேட்டதே இல்லை.

ஆஸ்பத்திரிக்கு விரட்டினார். மூன்றாவது தெரு திரும்பும்போது தைல வாசனை சட்டென்று நின்றது. வண்டியும் இலகுவானது. 'அப்பாடா' என்று வாய்விட்டே சொன்னார். அவ்வளவு சீக்கிரம் சொல்லியிருக்கக் கூடாது.

வாசலில் சீட்டை நீட்டினார். அங்கிருந்த ஆள் நோட்டைப் பார்த்தான். "இந்த நம்பருக்கு பெட் கொடுத்தாச்சே. இருந்ததே ஒண்ணுதான். உங்க சீட்டுல மூணாவது ஆள் வந்து படுத்துட்டாரு. அஞ்சு நிமிஷம் ஆகுது."

அக்கா சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். மூச்சு இழுக்கும்போது கழுத்தெலும்புக்கு மேல் குழி விழுந்தது. நகம்கூட நீலம்.

"அவர்கிட்ட நான் பேசறேன். ஒரு நிமிஷம்... ஒரே நிமிஷம் உள்ள விடுங்க" என்று, வாசலுக்கு வந்த நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் காலத்தில் யாரும் யார் கையையும் பிடிக்க மாட்டார்கள். நர்ஸுக்கே மனசு கேட்கவில்லை. கடைசிக் கட்டிலைக் காட்டினாள். "மெதுவாப் பேசுங்க. தூங்கறாரு, பாவம்."

கட்டிலில் யாரும் இல்லை.

தலையணையில் குழி இருந்தது. போர்வை நெஞ்சுவரை இழுத்து விட்டிருந்தது. ஆக்ஸிஜன் மாஸ்க் தலையணைக்கு மேலே, காற்றில், சாய்ந்த மாதிரி நின்றது. உஸ்... உஸ்... அதன் உள்பக்கம் ஆவி படிந்தது. மறைந்தது. மறுபடி படிந்தது.

அத்தான் ஓடிவிடவில்லை. அதைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை. கட்டில் பக்கத்தில் மண்டி போட்டார்.

"ஐயா... உங்களைப் பார்த்துட்டுத்தான் நிறுத்தாம வந்தேன். தப்புதான். என்னை என்ன வேணா பண்ணுங்க. வாசல்ல இருக்கறவ ஏழு மாசம் ஐயா. உங்களை ஏத்திக்கலாம்னு சொன்னதே அவதான்... இந்தக் கட்டிலை அவளுக்கு விட்டுக்கொடுங்க. நீங்க எங்க போகணுமோ நான் கூட்டிட்டுப் போறேன். எத்தனை நாளானாலும் சரி, எவ்வளவு தூரமானாலும் சரி. இனிமே என் வண்டியில உங்களுக்கு இடம் இல்லன்னு சொல்லவே மாட்டேன்."

உஸ்... உஸ்... ஆவி படிந்தது. மறைந்தது.

அதற்குமேல் படியவில்லை. மாஸ்க் தலையணையில் விழுந்தது. பின்னால் நர்ஸ் பதறினாள், "ஏங்க, பெரியவர் எழுந்து போறாரே! யாராவது பிடிங்க!" வெறும் நடைபாதையைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள். அத்தான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அக்காவைத் தூக்கிக்கொண்டு வந்து அதே கட்டிலில் கிடத்தினார். தலையணை இன்னும் சூடாக இருந்ததாம்.

பதினெட்டு நாள். அக்கா பிழைத்தாள். குழந்தையும் நல்லபடியாகப் பிறந்து, இப்போது வீட்டையே ரெண்டாக்கிக்கொண்டிருக்கிறது. தலை எண்ணிய பையன் கண்ணுக்கும் நர்ஸ் கண்ணுக்கும் தெரிந்தவர் அத்தான் கண்ணுக்கு மட்டும் ஏன் தெரியவில்லை? என்னைக் கேட்காதீர்கள்.

அத்தான் பேச்சு மாறவில்லை. நாலு வருடமாக டிரைவிங் ஸ்கூல் முடிந்ததும் தனியாக ஒரு சுற்றுப் போகிறார். பின் சீட்டில் யாரையும் உட்காரவிடுவதில்லை. மூன்று பேர் போவதென்றால் ஆட்டோதான். கஞ்சத்தனம் என்று என் நண்பன்கூடக் கிண்டல் செய்வான்.

போன வாரம் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டேன். அத்தான்தான் ஏற்றிக்கொண்டார். "முன்னாடியே உட்காருப்பா." அன்றைக்குத்தான் இதை முழுக்கச் சொன்னார். சொல்லிக்கொண்டே ஒவ்வொரு தெருமுனையிலும் வண்டியை நிறுத்தினார். பின்னால் பார்க்கும் கண்ணாடியைப் பார்த்து, மரியாதையாக, "இங்கயா ஐயா?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு கியர் போட்டார்.

"எங்க போகணுமாம் அத்தான்?"

"இன்னும் சொல்லலப்பா."

நான் இறங்கும் இடம் வந்தது. வண்டி நின்றது. "இங்கயா ஐயா?" என்று வழக்கம்போலக் கேட்டார். நான் இறங்கிக் கதவைச் சாத்தினேன்.

எனக்குப் பின்னால்... இன்னொரு கதவு திறந்தது. சாத்திக்கொண்டது. வண்டியின் பின்பக்கம் மெதுவாக மேலே எழும்பியது.

அத்தான் திரும்பிப் பின் சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்புறம் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்து, குலுங்கிக் குலுங்கி அழுதார். அழுது முடித்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

போன வியாழக்கிழமை. இதோ, நாம் உட்கார்ந்திருக்கும் இந்த வீட்டு வாசலில்தான்.