செவப்பு மூடி டப்பா

எழுதாதீங்க டாக்டரம்மா. கொஞ்சம் இருங்க, பேனாவ மூடுங்க. ஆறு மாசமா வாரம் தவறாம ஜங்புராவுலேர்ந்து பஸ் ஏறி வந்து ஒங்ககிட்ட கைய நீட்டிருக்கேன். ரெண்டு நிமிசம் நா சொல்றதக் கேட்டுட்டு அப்பறம் எழுதுங்க. மருந்து வேலை செய்யலன்னு நீங்க எழுதிட்டா அடுத்த டப்பா கெடைக்காது, அப்பிடித்தானே? தெரியும். கம்பவுண்டர் பையா வெளியவே சொல்லிட்டாரு, வீராயிம்மா, இன்னியோட ஒங்க மருந்து கதம், முடிஞ்சுதுன்னு.

தழும்பு அப்பிடியேதான் இருக்கு, இல்லன்னு நா சொல்லல. சின்ன வயசுல அம்மை ஊசி குத்துன எடம். மத்தவங்களுக்கெல்லாம் அது வட்டமா அடங்கிடுது, எனக்கு மட்டும் சுண்டுவெரல் தண்டி வளந்து நிக்குது. ஒடம்பு வாகு. கொசு கடிச்சாக்கூட எனக்கு ஞாபகார்த்தம் வெச்சுட்டுத்தான் போவும்.

ஒங்க மருந்து மேல மொதல்ல எனக்கு நம்பிக்கையே இல்ல. வல்லாரைலேர்ந்து எடுத்ததுன்னு நீங்க சொன்னதும் சிரிப்பு வந்துருச்சு. ஊர்ல வாய்க்கா ஓரம் அத மிதிச்சுட்டுத் திரிஞ்ச காலுங்க இது. அதுக்கா டில்லியில இவ்ளோ பெரிய ஆஸ்பத்திரின்னு நெனச்சேன். என்னது, வெங்காயமா? அதுலயும் மருந்து இருக்குன்னு படிச்சவங்களே சொல்றாங்களா? அத நா முன்னாடியே தேச்சுப் பாத்தாச்சு. எங்க குடிசைக் கேம்புல பக்கத்து வூட்டுப் பொன்னம்மா சொன்னான்னு இருவது நாள் வெங்காயச் சாறு தேச்சேன். எங்க வூட்டுக்காரரு வேலை முடிஞ்சு உள்ள நொழைஞ்சதும் மோந்து பாத்துட்டு, தட்ட எடுத்து வெச்சுக்கிட்டு ஒக்காந்துருவாரு. சாம்பாரு எங்கம்பாரு. சாம்பாரு இல்ல, நாந்தான்னா கோவம் வரும்.

இல்லீங்க, டப்பா வந்தப்பறம் வெங்காயத்தத் தேக்கல, சத்தியமா. நீங்க ரெண்டு டப்பா குடுத்தீங்க. தழும்புல மேல்பாதிக்குச் செவப்பு மூடி, கீழ்ப்பாதிக்கு வெள்ள மூடி. ஒண்ணுல மருந்து, இன்னொண்ணுல சும்மா களிம்பு, எதுல எதுன்னு ஒங்களுக்கே தெரியாதுன்னீங்க. வூட்டுக்குப் போயி பொன்னம்மாகிட்டதான் சொன்னேன், பாவம், அந்தப் பொண்ணு அவ்ளோ படிச்சிருக்கு, எது மருந்துன்னு மட்டும் யாரும் சொல்லித் தரல போலருக்குன்னு. கோவிச்சுக்காதீங்க.

தடவாம எங்கங்க போவேன்? காலையில ஒருவாட்டி, சாய்ங்காலம் ஒருவாட்டி, நீங்க சொன்ன மாதிரியே அழுத்தித் தேச்சுத் தடவினேன். ஒரு நாள் தவறல. என்ன அப்பிடிப் பாக்குறீங்க? தடவினியான்னுதான் வாராவாரம் கேட்டீங்க. எங்கன்னு நீங்க கேக்கல.

அச்சா, இதுக்குப் பதில் சொல்லுங்க. எங்க ரேஷன் கார்டுல மேல எழுதிருக்குறது எங்க வூட்டுக்காரரு பேரு. அதுக்காவ சக்கரை மொத்தத்தையும் அவரு ஒருத்தரேவா திங்கிறாரு? பேரு ஒருத்தருது, பொருளு வூட்டுக்கு வருது, யாருக்கு வேணுமோ அவங்களுக்குப் போவுது. ஒங்க சீட்டும் அப்பிடித்தான்னு நெனச்சுட்டேன்.

எம்பொண்ணு வடிவு. மொத நாளு கூட்டியாந்தேனே, துப்பட்டாவால தலைய மூடிக்கிட்டு நின்னுச்சே, அதுதான். பதினெட்டு ஆவாதவங்கள இதுல சேக்க மாட்டோம்னு நீங்கதான் திருப்பி அனுப்புனீங்க. தோடு போடுற எடத்துல ரெண்டு பக்கமும் இதே தழும்பு சுண்டக்கா மாதிரி தொங்கும். லக்ஷ்மிபாய் நகர் தமிழ் ஸ்கூல்ல ஒம்பதாவது படிக்குது. ரெட்டை சடை போட்டு, மடிச்சு, ரிப்பன் கட்டித்தான் வரணும் அங்க. மடிச்சுக் கட்டினா காது தெரியும். காது தெரிஞ்சா பசங்க சும்மா இருக்குமா? சுண்டக்கா கிலோ என்ன வெலைன்னு கேட்டுருக்குதுங்க. அன்னியோட பைய மூலையில கடாசிட்டு, நானும் ஒங்கூட பாத்திரம் தேய்க்க வரேன்னுச்சு. நா ஒருத்தி தேய்க்கிறது போதாதா?

அதான் வலது காதுக்குச் செவப்பு மூடி, எடது காதுக்கு வெள்ள மூடி. ஒங்க கணக்குல கை வெக்கல பாருங்க, பாதிக்குப் பாதி. மூணாம் மாசம் வலது காது எளக ஆரம்பிச்சுது. இப்ப சுண்டக்கா மொளகு அளவுக்குச் சுருங்கிருச்சு. வெள்ள மூடிக் காது அப்பிடியே ஒக்காந்துருக்கு. எது மருந்துன்னு நா கண்டுபுடிச்சுட்டேன், ஒங்களுக்கு முன்னாடி!

செவப்ப ரெண்டு காதுக்கும் போட்டுருக்கலாந்தான். நீங்க குடுக்குற டப்பா, ஒரு காதுக்கே வழிச்சு வழிச்சுத்தான் பத்துது.

வடிவு இப்ப ஸ்கூலுக்குப் போவுதுங்க. எடது காது செவுத்துப் பக்கமா வர்ற மாதிரி ஒரு மூலையப் புடிச்சு ஒக்காருது. டீச்சர் எடத்த மாத்தினா அன்னிக்கு வயித்து வலின்னு வூட்டுக்கு வந்துருது.

திட்டுங்க, திட்டுங்க, வாங்கிக்கிறேன். சின்னப் புள்ளைக்கு ஒண்ணு ஆயிருந்தா யாரு பதில் சொல்றதுன்னு கேக்குறீங்க, நாயந்தான். ஆனா ஒங்க கணக்கு ஏடு பாழாப்போச்சுன்னு மட்டும் சொல்லாதீங்க. வடிவு வெளிய பெஞ்சுலதான் ஒக்காந்துருக்கு. கூப்புடுறேன், ஸ்கேல வெச்சு அளங்க. பேரு வீராயின்னே இருந்துட்டுப் போவட்டும், காது மட்டும் அதோடது.

இத்தினி நாளா ஏன் சொல்லலன்னா, எப்பிடிங்க சொல்றது? காது குத்துனது யாருன்னு கேப்பீங்க. எங்க வம்சத்துக்கு ஆவாதுன்னு அதுக்குக் குத்தாமதான் வெச்சுருந்தோம். ஏசியாடு வெளையாட்டுப் போட்டி நடந்த வருசம், நா வேலை செய்யுற வூட்டு மேம்சாப் மவளுக்குக் காதுல தோடு மின்னுச்சு. எனக்குப் பொறுக்கல. புள்ளைய ஒக்காரவெச்சுத் தைக்கிற ஊசியால நாந்தான் குத்துனேன். வேணாம்மா, ஒன் கை மாதிரி ஆயிரும்மான்னு அழுதுச்சு. அந்த வாயப் பொத்துனதும் இதே கைதான்.

என் கைத் தழும்பு இப்பிடியே இருக்கட்டும்ங்க. எடது காதுக்கு ஒரு செவப்பு மூடி குடுங்க.