வீட்டுக்கு ஏற்ற பிரஷர் வாஷர்

தண்ணீரைப் பீய்ச்சிச் சுவரையும் தரையையும் கழுவும் பிரஷர் வாஷரை வீட்டு உபயோகத்துக்கு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அழுத்தத்தை மட்டும் பார்த்து ஏமாந்துபோகிறார்கள். அழுத்தம் எல்லா மெஷினிலும் இருக்கிறது. தண்ணீர் எவ்வளவு வருகிறது, ஹோஸ் எவ்வளவு நீளம், முனையில் மாட்டும் நாசிலை மாற்றிக்கொள்ள முடிகிறதா, பழுதானால் உதிரிபாகம் கிடைக்குமா என்றெல்லாம் பார்க்க வேண்டும். என் சகலை இவற்றில் எதையும் பார்க்கவில்லை. அதனால்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டைல்ஸ் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். கீறல் விழுந்த ஒரு டைல்கூட என் கையைத் தாண்டி வெளியே போனதில்லை. குடும்பத்தில் யார் எது வாங்கினாலும் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்கள். முதுகுவலிக்காரரான மாமனாருக்கு மெத்தை பார்த்துக் கொடுத்ததும் நான்தான். எல்லாக் கம்பெனி மெத்தைகளையும் ஒப்பிட்டு முடிக்கக் கொஞ்சம் காலம் பிடித்தது. அதற்குள் அவர் தரையிலேயே படுத்துப் பழகிவிட்டார். உறவினர்கள் என்னை ‘நிபுணர்’ என்று கூப்பிடுவார்கள். கூப்பிடும்போது சிரிப்பார்கள். பாசத்தில் சிரிக்கிறார்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

சகலைக்கு, அதாவது என் மனைவியின் தங்கை கணவருக்கு, அவர்கள் வைத்த பெயர் ‘வித்வான்’. பள்ளிக்கூடத்தில் கீபோர்டு சொல்லிக்கொடுக்கிறார். விசேஷங்களில் வாசிப்பார். நான் நாலு பேரை உட்காரவைத்து வாட்டர் ஹீட்டரைப் பற்றி விளக்கிக்கொண்டிருப்பேன். அடுத்த அறையில் இவர் கீபோர்டைத் தொடுவார். நாலு பேரும் எழுந்து போய்விடுவார்கள். பொறாமை என் சுபாவத்தில் கிடையாது. அந்தக் கீபோர்டுகூட அவசரப்பட்டு வாங்கியதுதான். அதே விலைக்கு அதைவிட நல்லது கிடைத்திருக்கும் என்று அவரிடம் பல தடவை, அவருடைய மாணவர்கள் முன்னாலும் சில தடவை, நல்லெண்ணத்தோடு சொல்லியிருக்கிறேன். “அப்படியாண்ணே” என்பார். மறுபடி வாசிக்க ஆரம்பித்துவிடுவார்.

எங்கள் வீட்டுப் பக்கச்சுவரில் பாசி பிடித்திருந்தது. அதற்காகத்தான் நான் பிரஷர் வாஷர்களை ஆராய ஆரம்பித்தேன். சந்தையில் இருக்கிற எல்லா மெஷின்களின் கையேடுகளையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன். மற்றவர்கள் புரட்டிவிட்டுப் போகிற பாதுகாப்பு எச்சரிக்கைகளையும் விடவில்லை. ஒரு மழைக்காலம் போய் அடுத்தது வந்தது. என் மனைவி ஜன்னல் வழியே சுவரைப் பார்த்து, “இந்தப் பாசிக்கு வயசாகுது. நல்ல இடமா பார்த்துக் கட்டிக் கொடுத்துடலாம்” என்றாள். நான் அவசரப்படவில்லை.

அப்போதுதான் சகலை, பல்பு வாங்கப் போன கடையில், பெட்ரோலில் ஓடும் பிரஷர் வாஷர் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். கட்டட வேலைக்காரர்கள் பயன்படுத்துகிற மெஷின் அது. வீட்டுக்கு அது கொஞ்சமும் பொருந்தாது. அன்று சாயங்காலமே மாமனார் வீட்டு முற்றத்தைக் கழுவி, கழுவாத பாதி கருப்பும் கழுவிய பாதி வெள்ளையுமாகப் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டார். ஆளாளுக்குக் கைதட்டினார்கள். மாமனார், “மாப்பிள்ளைன்னா இப்படி இருக்கணும்” என்று எழுதினார். அந்தக் குடும்பத்துக்கு மாப்பிள்ளைகள் மொத்தம் இரண்டு பேர்.

அந்த மெஷினின் குறைகளை விளக்கி நான் ஒரு நீளமான பதில் எழுதினேன். கீழே யாரோ ஒரு தூங்கும் முகத்தைப் போட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை வெளியே போய்விட்டுத் திரும்பினால், சகலை எங்கள் வீட்டுப் பக்கச்சுவரில் வேலை செய்துகொண்டிருந்தார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் என் மனைவி அவரைக் கூப்பிட்டிருக்கிறாள். அவர் காலில் ரப்பர் செருப்பு. கையுறை இல்லை. பாசியை அழிக்கும் ரசாயனத்தைத் தண்ணீர் டிரம்மிலேயே கொட்டிக் கலந்திருந்தார். அப்படிச் செய்தால் பம்ப் கெட்டுவிடும். எல்லாவற்றுக்கும் மேலாகச் சிவப்பு நாசிலை மாட்டியிருந்தார். சிவப்பில் தண்ணீர் ஊசி மாதிரி வரும். சுவருக்குப் பச்சையோ வெள்ளையோ போதும்.

சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். “நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. அவராவது வேலையை முடிக்கட்டும்” என்றாள் என் மனைவி. ஆகவே சும்மா இருந்தேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். சும்மா இருக்க வேண்டும் என்பது அன்று நான் எடுத்த முடிவு அல்ல. எனக்குச் சொல்லப்பட்டது.

சுவர் வெளுத்துக்கொண்டே வந்தது. நன்றாகத்தான் இருந்தது. என் மனைவி நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தாள். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவள் எதையும் அப்படிப் பார்த்து நான் பார்த்ததில்லை.

நாசிலின் வாயில் ஒரு இலைத் துணுக்கு சிக்கியது. சகலை அதை இடதுகை விரலால் தள்ளிவிடப் பார்த்தார். வலதுகை விசையை விடவில்லை. “ஸ்” என்றார், அவ்வளவுதான். மெஷினை அணைத்துவிட்டுக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆள்காட்டி விரலின் அடியில் ஒரு புள்ளி. கொசு கடித்த மாதிரி. ஒரு சொட்டு ரத்தம் வந்து நின்றுவிட்டது. என் மனைவி அப்போது காபி போட உள்ளே போயிருந்தாள்.

அவர் என்னிடம் வந்தார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக.

“அண்ணே, நீங்க எல்லாம் படிச்சிருப்பீங்க. இதுக்கு டாக்டர்கிட்ட போகணுமா? பிளாஸ்டர் ஒட்டினா போதுமா?”

நான் படித்திருந்தேன். ஒவ்வொரு கையேட்டிலும் அந்த எச்சரிக்கை இருக்கிறது, கையின் படத்தோடு. மேலே தெரிவது சின்ன ஓட்டைதான். ஆனால் அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே பாய்ந்து சதையைக் கிழித்துக்கொண்டு போயிருக்கும். ரசாயனம் கலந்திருந்தால் இன்னும் மோசம். வலிக்காது என்பதால் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். சில மணி நேரத்துக்குள் அறுத்துச் சுத்தம் செய்யாவிட்டால் விரல் மிஞ்சாது. சாதாரணக் காயமாக நினைக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று அதில் தடித்த எழுத்தில் போட்டிருக்கும்.

“பிளாஸ்டர் போதும்” என்றேன்.

அவர் கேட்டது பிளாஸ்டர் போதுமா என்று. ரத்தத்தை நிறுத்த அது போதும். உள்ளே போய் நல்ல பிளாஸ்டராகத் தேடி எடுத்துவந்து, விரலைத் துடைத்து, சுருக்கமில்லாமல் நானே ஒட்டிவிட்டேன். “உங்ககிட்ட கேட்டா ஒரு நிம்மதிண்ணே” என்றார். பிறகு மீதிச் சுவரையும் கழுவி முடித்தார். அதை முடிக்கச் சொன்னதும் நான்தான். பாதியில் விட்டால் சுவர் திட்டுத் திட்டாகத் தெரியும்.

சாயங்காலம் மைத்துனி போன் செய்தாள்.

“அத்தான், இவர் கை வீங்கிக்கிட்டே வருது. மடக்க முடியலைங்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா?”

“ஒரு ஓட்டைக்காக ஆஸ்பத்திரிக்குப் போனா, அவங்க இன்னும் நாலு ஓட்டை போடுவாங்க. கையைத் தலையணை மேல தூக்கி வச்சுப் படுக்கச் சொல்லு.”

அவள் சிரித்தாள். பதற்றத்தில் இருக்கிறவர்களைச் சிரிக்க வைப்பது ஒரு உதவிதான். நிபுணர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவள் பக்கத்தில் யாரிடமோ சொல்வது கேட்டது. இந்தத் தடவை அந்தப் பெயரைச் சொல்லும்போது யாரும் சிரிக்கவில்லை. போனை வைக்க எனக்கு மனமே வரவில்லை. வலிக்கு எந்த மாத்திரை என்றுகூடச் சொன்னேன்.

என் மனைவி, “நிஜமாவே ஒண்ணும் இல்லையா?” என்று கேட்டாள். “நான் படிச்சிருக்கேன்” என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை.

மறுநாள் காலை கை கறுத்திருந்தது. ஆஸ்பத்திரியில் முதலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். அப்புறம் மணிக்கட்டு வரை எடுத்தார்கள். நான் எல்லா நாளும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அறுவை சிகிச்சை செய்த டாக்டரம்மா கோபக்காரி. இதற்குப் போய் யார் பிளாஸ்டர் ஒட்டியது என்று கேட்டார். சகலை என்னைப் பார்த்தார். பிறகு டாக்டரம்மாவைப் பார்த்து, “நானேதான் ஒட்டிக்கிட்டேன் மேடம். விவரம் தெரியலை” என்றார்.

அவர் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அது நல்ல பிளாஸ்டர். ஆஸ்பத்திரிக்கு வரும்வரைக்கும் விடாமல் ஒட்டிக்கொண்டிருந்ததாம்.

நீங்கள் கேட்க நினைப்பது எனக்குப் புரிகிறது. விரல் போகும் என்று தெரியுமா? தெரியும். போன் வந்தபோதும் நேரம் இருந்தது என்று தெரியுமா? தெரியும். அந்த விரல்களுக்கு நான் பொறுப்பேற்றுக்கொள்கிறேன். ஆனால் கை முழுவதும் போகும் என்று நான் நினைக்கவில்லை. அது ரசாயனத்தால் நடந்தது. என்னைக் கேட்காமல் அதை டிரம்மில் கலந்தவர் அவர்தான். யார் செய்தது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். எங்கள் தொழிற்சாலையில் அப்படித்தான் பார்ப்போம்.

மெஷினைக் கண்ணால் பார்க்கவே பிடிக்கவில்லை என்று மைத்துனி அதை எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். பச்சை நாசிலைப் போட்டுப் பார்த்தேன். மோசம் இல்லை. இருந்தாலும் வீட்டுக்கு அது அதிகம்தான்.

போன வாரம் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். செயற்கைக் கை பொருத்தலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். நிறைய வகை இருக்கிறதாம். சில வகைகளில் விரல்கள் தனித்தனியாக அசையுமாம். இடதுபக்கமும் ஒற்றை விரலாலாவது ஒரு கட்டையைத் தொட்டுப் பார்க்க முடியுமா என்றுதான் சகலைக்கு யோசனை. கீபோர்டை அவர் இன்னும் துணி போட்டு மூடவில்லை.

“நீங்களே பார்த்து ஒண்ணு சொல்லுங்கத்தான்” என்றாள் மைத்துனி. “உங்களைக் கேக்காம இனி எதையும் வாங்க மாட்டோம்.” சகலை தலையாட்டினார். மாமனாரும் போன் செய்து, எல்லாம் என் பொறுப்பு என்று சொல்லிவிட்டார்.

ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றின் பிடி நன்றாக இருக்கிறது, ஆனால் எடை ஒத்துவரவில்லை. இன்னொன்றின் உத்தரவாதம் போதாது. சகலை தினமும் போன் செய்து, முடிவு ஆகிவிட்டதா அண்ணே என்று கேட்கிறார். அடுத்த வருடமாவது இரண்டு கையாலும் வாசிக்க உட்கார்ந்துவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறார், பாவம். நான் அவரிடம் பொறுமையாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன். கை என்பது வாழ்நாள் முழுக்க வைத்துக்கொள்ள வேண்டிய பொருள். இதில் அவசரப்பட்டால், அக்கறையாக எடுத்துச் சொல்ல ஆள் இருந்தும் அவர் கேட்கவில்லை என்று ஆகிவிடும்.