செத்த சொல்லுக்கு ஒரு சிலுவை

உங்கள் காவல் நிலையத்துத் தேநீர் நன்றாகவே இருக்கிறது, இன்ஸ்பெக்டர். நான் உட்காராமல் நடந்துகொண்டே பேசினால் தப்பாக நினைக்காதீர்கள். கொஞ்ச நாளாகவே என் கால் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. உட்கார்ந்தால் முழங்கால் ஆடுகிறது, படுத்தால் கட்டிலே ஆடுகிறது. மற்றபடி நான் நிதானமாகத்தான் இருக்கிறேன்.

நான் ஆங்கில அகராதிக்காரன். எங்கள் பதிப்பாசிரியர் வீட்டுத் தோட்டத்தில் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. குளிர்காலத்தில் கால்களை வைக்கோல் நிரப்பிய பெட்டிக்குள் நுழைத்துக்கொண்டு அங்கேதான் வேலை பார்ப்போம். செத்துப்போன சொல்லுக்கு முன்னால் பொடியாக ஒரு சிலுவைக் குறி போடுவது எங்கள் வழக்கம். அதைப் பேசுகிறவர் யாரும் இப்போது இல்லை என்று அர்த்தம். நாட்டின் ஏதோ ஒரு மூலையில் ஒரே ஒரு ஆள் பேசினாலும் குறியை எடுத்துவிட வேண்டும். நல்ல விதி. அதை நான் ஒருநாளும் மீறியதில்லை, இப்போதும் மீறவில்லை.

பிடிவாதக்காரனுக்கு உங்கள் பாட்டன் முப்பாட்டன் காலத்தில் எத்தனை பெயர் இருந்தது தெரியுமா? ஜெபத்தில் ஒரு சொல்லைத் தப்பாகவே சொல்லிப் பழகி, திருத்த வந்தவரை விரட்டியடித்த பாதிரியார் ஒருவரின் கதையிலிருந்து ‘மம்ப்சிமஸ்’ வந்தது. பிரான்சிலிருந்து கப்பலேறி ‘ஒப்பினியாஸ்டர்’ வந்தது. தன் கருத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறவன் என்று பொருள். அதற்கு மனைவி மக்கள் மாதிரி வரிசையாக வேறு சொற்களும் முளைத்தன. பிறகு ஒன்றன் பின் ஒன்றாக மண்டையைப் போட்டன. ஏன் செத்தன என்று கண்டுபிடித்தவன் நான். ஆங்கிலேயன் நியாயத்துக்குக் கட்டுப்படக் கற்றுக்கொண்டான், அதனால் பிடிவாதத்துக்கான சொற்கள் அவனுக்குத் தேவைப்படவில்லை. இதை மொழி ஆய்வுச் சங்கத்தில் கட்டுரையாக வாசித்தேன். கைதட்டினார்கள். என் ஆயுளில் எனக்கென்று இருப்பது அது ஒன்றுதான், ஐயா. மனைவி கிடையாது, பிள்ளை கிடையாது.

அந்தச் சொற்கள் வருகிற அகராதிப் பக்கங்கள் அச்சுக்குப் போகிற சமயத்தில் ஹெஸ்டர் ஓக்டன் விடுமுறை முடிந்து வந்தாள். எங்களோடு வேலை பார்க்கிற பெண். கெட்டிக்காரி, வாய்தான் நீளம்.

“மிஸ்டர் விட்டில், நீங்க சிலுவை நட்டுப் புதைச்ச ஆளு ஒருத்தன் எழுந்து சேத்துல நடமாடிட்டிருக்கான்” என்றாள். “சதுப்பு நிலத்துல, டாப்ரம் கிழவர் வீட்டுல. ஒப்பினியாஸ்டர்னு ஒரு குரல். சன்னலுக்கு வெளியில நின்னு என் காதால கேட்டேன்.”

கொட்டகையே சிரித்தது. பதிப்பாசிரியரும் சிரித்தார். “அப்ப சிலுவைய எடுத்துடலாமே, விட்டில்? உங்க கட்டுரையையும் கொஞ்சம் தட்டிக்கொட்டணும்” என்றார். நேரில் போய் விசாரித்து வருகிறேன், அதுவரை பொறுங்கள் என்றேன். நியாயமான வேண்டுகோள்தானே. ஒத்துக்கொண்டார்.

அன்றிலிருந்துதான் இந்தக் கால் ஆட்டம்.

ஜேபஸ் டாப்ரம் விலாங்கு பிடிக்கிறவர். வாய்க்கால் கரையில் பிரம்புக் கூடு பின்னிக்கொண்டிருந்தார். குதிரைவால் மயிர் தண்ணீரில் ஊறினால் விலாங்காக மாறும் என்று எனக்கே பாடம் எடுத்தார். அப்படியில்லை என்று பொறுமையாக விளக்கினேன்.

“நீ எத்தனை விலாங்கு புடிச்சிருக்கே?”

“ஒன்றும் பிடித்ததில்லை.”

“அப்ப வாய மூடிக்கிட்டுக் கேளு. ஆமாய்யா, நான் ஒப்பினியாஸ்டர்தான். இப்ப அதுக்கென்ன?”

எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார் பாருங்கள், உப்பைக் கொடு என்கிற மாதிரி. அந்தச் சொல்லை இனிமேல் பேச வேண்டாம், யாராவது வந்து கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சினேன். ஆமாம், கெஞ்சினேன். என் தரப்பில் விட்டுக்கொடுக்காமல் இல்லை.

“என் வாய், என் பேச்சு. ஒனக்கு எங்கே வலிக்குது?” என்றார்.

இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அவருக்கு அந்தச் சொல் போனால் ஒன்றும் குறையாது. எனக்கோ எல்லாமே போய்விடும். இரண்டையும் எடைபோட்டுப் பார்த்தால் யார் விட்டுக்கொடுக்க வேண்டும்? அந்த எளிய கணக்கு அவர் மண்டையில் ஏறவே இல்லை.

கூட்டைத் தண்ணீரில் இறக்கப் பலகைப் பாலத்தில் குப்புறப் படுத்தார். வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது, தூரத்தில் யாரோ வாத்துகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். நான் காலால் லேசாகத் தள்ளினேன். விழுந்தார். படகு தள்ளுகிற கழி பக்கத்தில் கிடந்தது. அதை எடுத்து அவர் தோளில் வைத்தேன். வைத்தபடியே நின்றேன். வயதான ஆள், ரொம்ப நேரம் ஆகவில்லை. ஆச்சரியம் என்னவென்றால் அத்தனை நேரமும் என் கால் ஆடவே இல்லை. அவ்வளவு நிம்மதியாக நான் நின்று பல நாளாகியிருந்தது.

கொட்டகைக்குத் திரும்பி, விசாரித்தேன், அப்படிப் பேசுகிறவர் யாரும் அங்கே இல்லை என்றேன். அது உண்மைதான். அகராதியில் பொய் எழுத நான் சம்மதிக்க மாட்டேன்.

நேற்று நீங்கள் டெபோரா டாப்ரம் அம்மாளை இங்கே அழைத்துவந்து என்னைக் காட்டினீர்கள். ஜேபஸின் மனைவி. நான் வாய்க்கால் பக்கமிருந்து வந்ததைச் சன்னலில் பார்த்தாளாம். எந்தச் சொல்லைத் தேடி நான் அங்கே போனேன் என்று நீங்கள்தான் அவளிடம் சொன்னீர்கள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. நேரே என் முகத்துக்கு எதிரே வந்து நின்றாள்.

“அந்தச் சொல்லுக்காகவா எம் புருசன கொன்னே? அது அவரு சொல்லே இல்லடா பாவி, என் சொல்லு. கல்யாணமான நாளா நான்தான் அவர அப்படித் திட்டுவேன். எங்கம்மா எங்கப்பனத் திட்டுவா. எந் தங்கச்சிமாரு மூணு பேரும் அவங்க புருசன்மாருங்கள அப்படித்தான் திட்டுறாளுங்க. எங்க மனுசன் விலாங்கு விசயத்துல மட்டுந்தான் ஒப்பினியாஸ்டரு. ஒன்ன மாதிரி ஒரு ஒப்பினியாஸ்டர நான் ஒலகத்துல பாத்ததில்ல, நாசமாப் போறவனே.”

உங்கள் கான்ஸ்டபிள் அதை அப்படியே எழுதிக்கொண்டார். எனக்கு இரவெல்லாம் தூக்கம் இல்லை. அதனால்தான் காலையில் உங்களைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். கொலையை நான் மறுக்கவில்லை, எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். அந்த ஒரு சொல்லை மட்டும் அடித்துவிடச் சொல்லுங்கள். புருஷனைப் பறிகொடுத்தவள் ஆத்திரத்தில் ஆயிரம் சொல்வாள், அதையெல்லாம் வழக்குச் சொல் என்று எடுத்துக்கொள்ள முடியுமா? தங்கச்சிகள் பேசுவதை நான் கேட்டேனா, நீங்கள் கேட்டீர்களா?

இது பிடிவாதம் இல்லை, ஐயா. பிடிவாதம் என் சுபாவத்திலேயே கிடையாது. அந்தச் சொல்லை உயிரோடு பேசுகிற ஒரே ஒரு ஆளை என் கண்ணெதிரே கொண்டுவந்து நிறுத்துங்கள், அந்தச் சிலுவையை என் கையாலேயே அழித்துவிடுகிறேன். இதுவரை யாரும் நிறுத்தவில்லையே.