மேல் பலகையில் நெஸ்தோரி

சவுனாவை அவசரப்பட்டுச் சூடாக்கக்கூடாது, அய்யா. பிர்ச் விறகை நிதானமாக எரித்து, புகையெல்லாம் வெளியே போனபிறகு கற்கள்மேல் தண்ணீர் விட்டால்தான் ஆவி உடம்புக்கு இதமாக இருக்கும். கொல்லையில் இருக்கும் என் சவுனாக் குளியல் குடிலைப்பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் நல்லவிதமாகத்தான் சொல்வார்கள். அம்மா என்னைப் பெற்றது அங்கேதான். அப்பாவின் உடலைக் கழுவியதும் அங்கேதான். உள்ளே கெட்ட வார்த்தை கூடாது, சண்டை கூடாது, தேவாலயத்தில் இருப்பதுபோல் இருக்கவேண்டும் என்று சொல்லித்தான் பிள்ளைகளை வளர்க்கிறோம்.

நெஸ்தோரியைப் பற்றிக் கேட்டீர்கள். அடுத்த வீட்டுக்காரன், பூட்ஸ் தைப்பவன். தொழிலாளர் சங்கக் கட்டடத்தின் சாவி அவனிடம்தான் இருக்கும். சிவப்புக்காரன், கம்யூனிஸ்ட். இரண்டு வருஷத்துக்கு முந்தைய அந்தக் கோடையில் எங்கள் பக்கத்து விவசாயிகள் முக்கால்வாசிப் பேர் சிவப்புக்காரர்களை ஒழிக்கக் கிளம்பிய லாபுவா இயக்கத்தில் இருந்தோம். பாதிரியார் ஜெபம் பண்ணி அனுப்ப, தலைநகருக்குப் பேரணி போய்விட்டு வந்திருந்தோம். சிவப்புக்காரர்களைக் காரில் தூக்கிப்போட்டுக் கிழக்கே ரஷ்ய எல்லைப் பக்கம் கொண்டுபோய்த் தள்ளுவது அப்போது வழக்கமாகியிருந்தது. எங்கள் ஊரில் கார் வைத்திருந்தவன் மில்கார யல்மாரி. "ரஷ்யா ரஷ்யான்னு உருகுறானுங்கல்ல, ஓசியில கொண்டுபோய் விடுறேன், பெட்ரோல் என் செலவு" என்பான். ஊரே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன்.

நெஸ்தோரி முந்திக்கொண்டு புல்வெளிப் பக்கம் ஒளிந்துவிட்டான். கண்ணுக்கெட்டிய தூரம் புல் கொட்டகைகள்தான், எதில் என்று தேடுவது? யல்மாரியின் ஆட்கள் அலுத்துப்போனார்கள். தேடவே வேண்டாமே என்று எனக்குத் தோன்றியது. சனிக்கிழமை அவன் மனைவி ஹில்யாவிடம் போனேன்.

"சவுனா போட்டிருக்கேன், ஹில்யா. அவன வரச் சொல்லு. எத்தன நாளா குளிக்காம கெடக்கானோ."

"யல்மாரி ஆளுங்க சுத்திக்கிட்டே இருக்காங்களே, அண்ணே."

"சவுனாவுல இருக்கறவன் மேல எவனாச்சும் கை வெப்பானா? என்ன பேச்சு பேசுற நீ."

தான் கேட்டதை நினைத்து அவளுக்கே வெட்கமாகிவிட்டது. அவளே அவன் இருந்த கொட்டகைக்குப் போய்ச் சொல்லி, அவனை அனுப்பிவைத்தாள்.

வந்தான். சூடு அதிகமாக இருக்கும் மேல் பலகையில் ஏறி உட்கார்ந்தான். நான் தண்ணீர் விட்டேன், பிர்ச் இலைக் கட்டால் முதுகில் தட்டிவிட்டேன். "ஊரே என்னப் பாத்தா காறித் துப்புது, ஈசாக்கி. நீ ஒருத்தன் கூப்பிட்ட பாரு" என்றான். அவன் கண் கலங்கியிருந்ததா, வியர்வையா, தெரியவில்லை. எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. அதனால்தான் யல்மாரியிடம் முதலிலேயே கறாராகச் சொல்லியிருந்தேன், உள்ளே வரக்கூடாது, அவன் குளிர்ச்சிக்காக வாசற்படிக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும் என்று. காத்திருந்தார்கள். உடம்பில் ஆவி பறக்க வெளியே வந்தவனைப் பிடித்தார்கள். துணியும் பூட்ஸும் நான்தான் எடுத்துக் கொடுத்தேன். யல்மாரி கூப்பிட்டதால் நானும் காரில் ஏறிக்கொண்டேன்.

பெரிய சதுப்பைத் தாண்டும்போது யல்மாரி மனசு மாறினான். அவன் கல்யாணத்துக்குப் போட்ட பூட்ஸ் நெஸ்தோரி தைத்தது. "சரி, மெரட்டுனது போதும். இங்கயே எறக்கி விடுவோம், நடந்து வீடு போய்ச் சேரட்டும்" என்றான். மற்றவர்களும் தலையாட்டினார்கள். நெஸ்தோரி அவர்களைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

"வீட்டுக்குப் போறேன். சவுனா போட்டு என்னக் கூப்பிட்டது யாருன்னு ஊருக்குச் சொல்றேன்" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

நீங்களே யோசித்துப் பாருங்கள். அவனைக் காரில் ஏற்றியதற்கு ஊரில் யாரும் என்னைக் குறை சொல்லமாட்டார்கள். முதுகில் தட்டிக்கொடுப்பார்கள். ஆனால் சவுனா விஷயம் வேறு. தங்களுக்கும் அதில் பங்கு என்பதால் யல்மாரியும் ஆட்களும் வாயைத் திறக்கமாட்டார்கள், இவன் திறப்பான். அதற்குப் பிறகு என் வீட்டில் எவனும் கை நனைக்கமாட்டான். என் மகள் ஆவுனேவுக்கு அந்த வருஷ இலையுதிர்காலத்தில் கல்யாணம் வைத்திருந்தோம். நான் யல்மாரியிடம், "நீங்க இருங்க, குறுக்குப் பாதையக் காட்டிட்டு வந்துடுறேன்" என்றேன். கத்தி இடுப்பில் இருந்தது. எங்கள் பக்கத்தில் எல்லா ஆண்களுக்கும் இருக்கும்.

திரும்பிவந்து, போய்விட்டான் என்றேன். நெஸ்தோரி ஊர் திரும்பாததால், பயந்து அவனாகவே ரஷ்யாவுக்கு ஓடிவிட்டான் என்று யல்மாரி நினைத்துக்கொண்டான். அப்படியே ஊரும் பேசியது. நான் மறுக்கவில்லை.

பிறகு இயக்கம் முன்னாள் ஜனாதிபதியையே காரில் தூக்கிப்போட்டது. கைதட்டியவர்கள் முகம் சுளித்தார்கள். இந்த வருஷ ஆரம்பத்தில் துப்பாக்கியோடு எழுந்த கலகமும் பிசுபிசுத்து, அரசாங்கம் தடை போட்டுவிட்டது. யல்மாரி இப்போது, "நாம எங்கப்பா அதுல இருந்தோம்" என்கிறான். அதற்காக நான் இந்தக் காவல் நிலையத்துக்கு வரவில்லை.

போன சனிக்கிழமை ஹில்யா என் மனைவியோடு சவுனாவுக்கு வந்தாள். யல்மாரியின் ஆட்கள் தன்னைப் பின்தொடர்ந்துதான் அவனைப் பிடித்தார்கள் என்று இன்றுவரை தன்னையே நொந்துகொண்டிருக்கிறாள். குளித்துவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவர கடைசியா நீங்களாவது குளிக்க வெச்சு அனுப்பினீங்க, அண்ணே. கடுதாசி வந்தா மொதல்ல உங்ககிட்டத்தான் சொல்வேன்" என்றாள். அன்றிலிருந்து நான் கீழ்ப் பலகையில்தான் உட்காருகிறேன். தண்ணீர் விடாமலே கற்கள் சீறுகின்றன. மேலே பலகை நனைந்திருக்கிறது. துடைத்தாலும் நனைகிறது. பயமாக இருக்கிறது, அய்யா.

சதுப்பில் மரக்கட்டைப் பாலத்துக்கு வடக்கே, கரிமண் வெட்டிய பழைய குழியில் இருக்கிறான். பூட்ஸைக் கழற்றவில்லை. ஹில்யா அடையாளம் சொல்வாள்.

எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். சவுனாவுக்குள் அவன்மேல் யாரும் கை வைக்கவில்லை.