ஞானபாயின் முதல் எழுத்து

அவைத்தலைவி சகோதரி ரத்னாபாய் அவர்களே! மேடையை நிறைத்து அமர்ந்திருக்கும் செயற்குழுச் சகோதரிகளே! ஊசி போட்டு அழவைத்த குழந்தையை மறுகணமே சிரிக்கவைக்கத் தெரிந்த மூத்த செவிலியர்களே! பிள்ளைகளை மடியில் உறங்கவைத்துக்கொண்டு என் பேச்சைக் கேட்க வந்திருக்கும் தாய்மார்களே! நமக்காக இணையதளம் அமைத்துத் தந்து, இன்று கழக்கூட்டம் என்ற ஊரிலுள்ள தம் கணினி அலுவலகத்துக்கு விடுப்பு எழுதிக்கொடுத்து வந்திருக்கும் அஸ்வதி அவர்களே! எல்லோருக்கும் என் வணக்கம்.

மணியை அடிக்க வேண்டாம், தலைவி அவர்களே. எனக்குத் தந்தது பத்து நிமிடம். ஒன்பதில் முடிப்பேன்.

திருவனந்தபுரத்தில் இயங்கும் நம் அனந்தைத் தமிழ்ச் செவிலியர் சங்கத்தின் உறுப்பினர் பதிவேடு பத்தொன்பது ஆண்டுகள் என் கையில் இருந்தது. என் கணவர் காலமான பிறகு, ஸ்ரீவராகத்து வீட்டில் எனக்குப் பேச்சுத் துணை யார்? நானூற்றுப் பன்னிரண்டு பெயர்கள். காலையில் காப்பியோடு அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்ப்பேன். ஒரு பெயரில் மருந்து வாசனை வரும்; ஒரு பெயரில் மழை பெய்யும்; பொன்முடி மலை என்று எழுதிய வரிக்கு வந்தால் தாளிலேயே மஞ்சு படரும்.

சென்ற ஆண்டு இதே மன்றத்தில், இனி உறுப்பினர் சேர்க்கையும் புதுப்பித்தலும் கணினி வழியே என்று தீர்மானித்தீர்கள். நான் எதிர்த்தேனா? இல்லை. கனவு கண்டேன்! படிவத்துக்காகப் பேருந்தில் இடிபட வேண்டாம். அஞ்சல்காரருக்காக வாசலில் காத்துநிற்க வேண்டாம். மலையிலிருக்கும் ஒரு பெயர், கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றைக்கூடத் தொடாமல், மேகத்தோடு மேகமாக மிதந்து வந்து நம் மன்றத்தில் இறங்கும் என்று கனவு கண்டேன். கண்ணாடிக்குள் நீல வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் நம் பெயர்கள் மீன்களைப்போல் நீந்தும் என்று கனவு கண்டேன்.

யார் சிரிப்பது? மாடம்மாளா? "மேட்ரன் கனவுலயும் ஸ்பெல்லிங் பாப்பாங்க" என்கிறாயா? பார்த்தேன் அம்மா. வினையே அங்கேதான் வந்தது.

பொன்முடித் தோட்டத்து மருந்தகத்தில் செவிலியராக இருக்கும் ஞானபாயைப் பாதிப் பேருக்குத் தெரியாது. கூட்டத்துக்கு வர அவளுக்கு எந்த ஆண்டு பேருந்து கிடைத்தது? மார்ச் மாதத்தில் அவள் மலையிறங்கி, விதுரையில் ஷாஜி என்பவர் நடத்தும் இன்டர்நெட் கடைக்குப் போயிருக்கிறாள். உறுப்பினர் அட்டையைப் புதுப்பிக்கத் தன் பெயரைத் தட்டியிருக்கிறாள். அப்படியொரு உறுப்பினர் இல்லை என்றது திரை. அடுத்த வாரமும் இல்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை!

"சேச்சி, நீங்க இல்லேன்னு கம்ப்யூட்டர் பறயுது. அப்போ இந்த நாற்காலியில இரிக்கிறது ஆரு?" என்று ஷாஜி கேலி செய்தாராம்.

அங்கிருந்தே எனக்குத் தொலைபேசினாள். "மேட்ரனக்கா, மூணு மட்டம் அடிச்சுப் பாத்தாச்சு. இப்பிடி ஒரு ஆளே இல்லன்னு சொல்லுது. எனக்க பேர வெட்டிட்டியளாக்கா?"

நான் சொன்ன பதிலை ஒரு சொல் குறைக்காமல் சொல்கிறேன். "சங்கம் யார் பேரையும் வெட்டாது. சொந்தப் பேரை ஒழுங்கா எழுதத் தெரியாதா உனக்கு? கண்ணாடியைத் துடைச்சிட்டு இன்னொரு தரம் அடி."

"சரிக்கா" என்றாள். புதுப்பிக்கக் கடைசி நாளான மார்ச் முப்பத்தொன்று கடந்துபோயிற்று.

ஒரு நாள் தவறினாலும் புது உறுப்பினர்தான் என்கிறது நம் விதி. ஞானபாய் ஜூன் மாதம் ஓய்வுபெறுகிறாள். அன்றே தோட்டத்து வீட்டைக் காலிசெய்ய வேண்டும். நம் ஓய்வில்லத்தில் அறை வேண்டுமானால் இருபத்தைந்து ஆண்டு இடைவிடாத உறுப்பினராக இருக்க வேண்டும். இருபத்தைந்தும் அவளுக்கு நிறைந்திருந்தன. இன்று? இன்று அவள் கணக்கு பூச்சியம்!

கணினியின் குற்றம் என்று முழங்கிக்கொண்டு அஸ்வதியை அழைத்தேன். அவர் என் பட்டியலையும் ஞானபாயின் பழைய படிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"மேடம், மெஷினுக்குத் தெற்று, தப்பு ஒண்ணும் பற்றலை. அவங்க பேரை இங்கிலீஷ்ல 'என்', 'ஜே' வெச்சு எழுதுறாங்க. உங்க லிஸ்ட்ல 'ஜி', 'என்'னு தொடங்குது. ஆரு மாத்தினது?"

யார் மாற்றியது? நான், தாய்மார்களே, நான்! மலையாளத்துக்காரர் ஞகரத்தை ஆங்கிலத்தில் 'என்', 'ஜே' என்று எழுதுவார்கள். செவிலியர் பள்ளியில் சேர்ந்த நாளில் ஒரு குமாஸ்தா அப்படி எழுதிவைத்தார். அதுவே அவள் சான்றிதழ், அதுவே அவள் கையெழுத்து. என்னைக் கன்னியாஸ்திரிகள் வளர்த்தார்கள். ஜி என்ற எழுத்து வாயைத் திறக்காமல் முன்னால் நிற்க, பின்னால் 'என்' என்ற எழுத்து வரவேண்டும் என்று அடித்துக் கற்பித்தார்கள். கணினிக்குப் பட்டியல் தயாரித்த நாளில் அந்தப் பெயர் என் கண்ணை உறுத்தியது. சிவப்புப் பென்சிலால் திருத்தினேன். அழகாகத் திருத்தினேன்! ஒரு பெண்ணின் பெயரைத் திருத்த எனக்கு உரிமை தந்தது யார்? பெற்றவளா? பெயர் சுமந்தவளா?

வேண்டாம், யாரும் "பரவாயில்லை மேட்ரன்" என்று சொல்ல வேண்டாம். பரவாயில்லை என்று நான் எந்த மாணவிக்கும் சொன்னதில்லை.

ஆகவே இரண்டு தீர்மானங்கள். முதலாவது: தவறு பட்டியலுடையது, உறுப்பினருடையது அல்ல, ஆகவே ஞானபாயின் இருபத்தைந்து ஆண்டும் இடைவிடாதவையே. இரண்டாவது: இனி இணையதளம் பெயரைக் கேட்க வேண்டாம், அட்டையிலுள்ள உறுப்பினர் எண்ணைக் கேட்கட்டும். தேடியது கிடைக்காவிட்டால் "இல்லை" என்று கதவடைக்காமல், ஒரு மாத அவகாசமும் சங்கத்தின் தொலைபேசி எண்ணும் தரட்டும். அந்தத் தொலைபேசியை எடுப்பவர் என்னைவிடப் பொறுமைசாலியாக இருக்கட்டும்.

கை தட்டாதீர்கள். கையை உயர்த்துங்கள். தலைவி அவர்கள் அனுமதி தருகிறார்கள். முதல் தீர்மானத்தை ஆதரிப்பவர்கள்?

ஆகா! காற்றில் அசையும் கதிர்வயலா இது? இத்தனை கைகளா! எத்தனை காயங்களைக் கட்டிய கைகள், எத்தனை சிசுக்களை ஏந்திய கைகள்!

கடைசி வரிசையில் ஒரே ஒரு ஜோடிக் கை மட்டும் மடியில் கிடக்கிறது. ஞானபாய், நீதானே? இந்த ஆண்டு பேருந்து கிடைத்துவிட்டதா! பக்கத்தில் இருப்பவர் தூக்கச் சொல்கிறார், நீ தலையாட்டி மறுக்கிறாய். என்ன சொல்கிறாய்? சத்தமாகச் சொல், எல்லோரும் கேட்கட்டும்.

"உறுப்பினரில்லாத்த ஆளு ஓட்டுப் போடக்கூடாதுல்லாக்கா."

கேட்டீர்களா? இவளைவிட நல்ல உறுப்பினர் நமக்கு எங்கே கிடைப்பார்?

எதிர்ப்பவர்கள்? எவருமில்லை. தீர்மானம் நிறைவேறியது என்று தலைவி அறிவித்துவிட்டார்கள்.

இனி இரண்டாம் தீர்மானம். ஆதரிப்பவர்கள் கையை உயர்த்தலாம். ஞானபாய், இப்போது உனக்கு உரிமை இருக்கிறது. தூக்கு அம்மா. இன்னும் மேலே. மேடைக்குத் தெரிய வேண்டும்.

பொறுமையோடு கேட்ட அவைக்கு நன்றி. தன்னிடம் தவறில்லை என்பதை என்னிடம் தயங்காமல் சொன்ன அஸ்வதிக்கு நன்றி. உங்கள் பெயர்கள் எல்லாம், நீங்கள் எழுதுகிறபடியே, நீடு வாழ்க. வணக்கம்.